41 வயதில் தொடங்க எது பொருத்தம்: பியானோவா, வயலினா, கிட்டாரா?

கேட்டது இது: வயது 41. கொழும்பு வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றின் நாலாம் மாடியில் வீடு. வேலை முடிந்து வந்தால் நாளுக்கு அரை மணித்தியாலம் மிஞ்சும். பள்ளிக்கூடத்தில் கர்நாடக சங்கீதத்தின் முதல் பயிற்சியான சரளி வரிசை வரை படித்த ஞாபகம் இருக்கிறது. இப்போது ஒரு வாத்தியம் பழக ஆசை. பியானோவில் மனம் போகிறது, ஆனால் இந்த வயதில் விரல் வளையுமா, வயலின் அல்லது கிட்டார் இலகுவாக இருக்குமா?

விரல் வளையும். முதல் இரண்டு மூன்று வருடத்துப் பாடங்கள் எதுவும் கணினியில் தட்டச்சு செய்கிற விரலின் வேகத்துக்கு மேல் கேட்பதில்லை. வயது இடைஞ்சல் செய்வது வேறு இடத்தில். நல்ல இசை எப்படி இருக்கும் என்று பெரியவரின் காதுக்கு நன்றாகத் தெரியும், கைக்கு இன்னும் தெரியாது. எட்டு வயதுப் பிள்ளைக்கு இந்த இடைவெளி உறைக்காது, உங்களுக்கு ஒவ்வொரு நாளும் உறைக்கும். இடையில் விடுகிறவர்களில் பெரும்பாலானோர் இதைத் தாங்க முடியாமல்தான் விடுகிறார்கள். ஆகவே எந்த வாத்தியம் இலகு என்று கேட்பதைவிட, எந்த வாத்தியம் எந்த மாதத்தில் கஷ்டம் தரும் என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

வயலினில் கஷ்டம் முதல் நாளே வாசலில் நிற்கும். விரற்பலகையில் சுரத்தின் இடத்தைக் காட்டும் மெட்டுக்கட்டை எதுவும் இல்லை. விரல் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் தள்ளினாலே சுருதி கெட்டுவிடும். அதோடு வில். அது கம்பிகளைத் தாங்கும் பாலத்துக்கும் விரற்பலகைக்கும் நடுவில் நேராக ஓட வேண்டும், அழுத்தம் கூடினால் கீச்சிடும், குறைந்தால் காற்றுச் சத்தம் வரும். தினமும் பழகினாலும் காது கூசாமல் ஒரு சுரம் நிற்க ஐந்தாறு மாதம் பிடிக்கும். கர்நாடக முறையில் நிலத்தில் சப்பணம் இட்டு உட்கார்ந்து, வயலினின் தலைப்பகுதியை வலது பாதத்தில் ஊன்றி வாசிக்க வேண்டும். நாற்பதைத் தாண்டிய முழங்காலும் இடுப்பும் அரை மணித்தியாலம் அதற்கு ஒத்துழைக்குமா என்று வாங்குமுன் வீட்டில் சும்மா இருந்து பாருங்கள். மேற்கத்தைய முறையில் நாடிக்குக் கீழே பிடிப்பதால் சுமை கழுத்துக்கும் தோளுக்கும் போகும். கொழும்பின் ஈரக் காற்றில் முறுக்காணிகள் ஊதி இறுகும், ஏசி அறைக்குள் கொண்டுபோனால் சுருங்கி வழுக்கும். புதிதாகப் பழகுகிறவர் வாசிப்பதற்கு முன் சுருதி சேர்ப்பதிலேயே பத்து நிமிடத்தைத் தொலைப்பார். இவ்வளவும் இருந்தும் வயலினுக்கு நிகரில்லாத ஒரு பலம் உண்டு. கமகம், அதாவது சுரத்தை அசைத்தும் வழுக்கியும் எடுப்பது, அதில் அப்படியே வரும்.

கிட்டாரில் முதல் மூன்று நாலு கிழமை விரல் நுனி எரியும். தினமும் பதினைந்து நிமிடம் வாசித்தால் தோல் தடித்து எரிச்சல் போய்விடும். சனி ஞாயிறு மட்டும் இரண்டு மணித்தியாலம் வாசித்தால் தோல் தடிக்காது, புண்தான் மிஞ்சும். நைலோன் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டார் விரலுக்கு இதம், கழுத்து மட்டும் சற்று அகலம். வாங்கும்போது 12ஆவது மெட்டுக்கட்டையில் கம்பிக்கும் கட்டைக்கும் இடையில் எவ்வளவு உயரம் என்று பாருங்கள். இரும்புக் கம்பிக் கிட்டாரில் 3 மில்லிமீற்றருக்கு மேல் இருந்தால் கடைக்காரரிடமே இறக்கித் தரச் சொல்லுங்கள். 'பழகப் பழக வலி போகும்' என்று நம்பி ஆறு மாதம் வருந்துகிறவர்கள் பலர், குற்றம் பெரும்பாலும் அந்த உயரத்தில்தான். கடலோர மரைன் டிரைவ் பக்கத்து வீடென்றால் உப்புக் காற்றில் இரும்புக் கம்பி வெகு சீக்கிரம் கறள் பிடிக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து உறைக்குள் வைக்க வேண்டும். சொந்தக்காரர் கூடும் இடத்தில் நாலு பாட்டுக்குப் பின்னணி வாசித்துப் பாடுவதுதான் ஆசை என்றால் வேறு யோசனை வேண்டாம், கிட்டாரை எடுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் அங்கே வந்துவிடலாம்.

புல்லாங்குழல் மலிவு, பைக்குள் போகும், ஆனால் உதட்டின் கோணம் பிடிபடும்வரை சில நாள் வெறும் காற்றுத்தான் வரும். அளவுக்கு மேல் ஊதினால் தலை சுற்றும். வீணைக்கு வீட்டில் இடம் வேண்டும், அதை ஓட்டோவில் கொண்டுபோய் வருவதே ஒரு வேலை. மிருதங்கம் அருமையானது, ஆனால் தொடர்மாடியில் இரவு எட்டு மணிக்கு மேல் வாசித்தால் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டுவார்கள்.

இனி பியானோ. கட்டையை அமுக்கினால் சுருதி சரியாக இருக்கும், முதல் நாளும் பத்தாவது வருடமும் அதே சுரம்தான். 52 வெள்ளை, 36 கறுப்பு, மொத்தம் 88 கட்டைகள் கண்முன்னே வரிசையாகக் கிடக்கும், ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி எப்போதும் அரைச் சுரம். சுரத்தைக் காதால் தேடும் வேலையை வாத்தியம் தானே செய்துவிடுவதால் முதல் இரண்டு மாதம் சந்தோஷமாகப் போகும். முதல் கிழமையிலேயே ஐந்து விரலால் ஒரு சிறு மெட்டு வரும். இந்த இலகுதான் ஆளை ஏமாற்றும். மூன்றாம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடையில், இரண்டு கையும் வேறு வேறு வேலை செய்யத் தொடங்கும்போது, சுவர் ஒன்று எழும். தனித்தனியாக வடிவாக வாசித்த கைகள் சேர்ந்ததும் இரண்டும் மறந்துபோகும். 'எனக்கு வயதாகிவிட்டது' என்ற பேச்சு இங்கேதான் தொடங்குகிறது. பிள்ளைகளுக்கும் அதே சுவர் அதே உயரத்தில் வருகிறது. அவர்களைப் பெற்றோர் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள், உங்களை ஒருவரும் கூட்டிப் போவதில்லை, வித்தியாசம் அவ்வளவுதான்.

அந்தச் சுவரைத் தாண்டும் வழியைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்றை முடிவு செய்ய வேண்டும், உங்கள் காதில் இருப்பது எந்த இசை? பியானோவில் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக முடியாது. தோடியின் காந்தாரத்தையோ நீலாம்பரியின் அசைவையோ அதில் எடுக்க முடியாது. கட்டை ஒவ்வொன்றும் தனித் தூண் போல நிற்கும். தேவாரமும் கீர்த்தனையும் வாசிக்கத்தான் ஆசை என்றால் பியானோ உங்களை ஏங்க வைக்கும், வயலினுக்கோ வீணைக்கோ போங்கள். சினிமாப் பாட்டு, தேவாலயப் பாட்டு, மேற்கத்தைய சாஸ்திரிய இசை, பாட்டுக்கு நிறைவான பின்னணி, இவை வேண்டுமென்றால் பியானோதான்.

சரளி வரிசை படித்தது வீண் போகாது. மத்திய சி கட்டையை (நடுவில், இரட்டைக் கறுப்புக் கட்டைகளுக்கு இடப்பக்கம் உள்ள வெள்ளைக் கட்டை) ஸட்ஜமாக, அதாவது ஸ-வாக வைத்து சி, டி ஃபிளாட், ஈ, எஃப், ஜி, ஏ ஃபிளாட், பி, மேல் சி என்று அமுக்கினால் நீங்கள் சரளி வரிசை பாடிய மாயாமாளவகௌளை ராகம். ஃபிளாட் என்றால் அந்தக் கட்டைக்கு அரைச் சுரம் கீழே, ஷார்ப் என்றால் அரைச் சுரம் மேலே. வெள்ளைக் கட்டைகளை மட்டும் சி முதல் சி வரை அமுக்கினால் சங்கராபரணம், மேற்கத்தையர் சி மேஜர் என்பது அதைத்தான். பாடகர்கள் ஒரு கட்டை, ஐந்தரைக் கட்டை என்று சொல்வதும் இந்தக் கட்டைகளைத்தான்: சி ஒன்று, டி இரண்டு, ஈ மூன்று, எஃப் நாலு, ஜி ஐந்து, ஜி ஷார்ப் ஐந்தரை. ஆனால் ஒரு குழப்பத்தை முதல் நாளே தீர்த்துக்கொள்ளுங்கள். ஸட்ஜம் பாடுகிறவரின் வசதிக்கு இடம் மாறும், சி என்ற பெயர் ஒருநாளும் மாறாது. சி என்றாலே ஸ என்று மனதில் பதித்துவிட்டால் ஜி மேஜர் பாடம் வரும்போது தலை சுற்றும்.

சங்கீதம் படித்த காதுக்கு உண்மையில் புதிதாக இருப்பது இடக்கை. தம்புராவின் ஒரே ஸட்ஜ பஞ்சமத்தின்மேல் பாடிப் பழகியவருக்கு, மெட்டு நகர நகர அடியில் மூன்று சுரங்கள் கூட்டாக மாறிக்கொண்டே போவது முதலில் அந்நியமாகத்தான் கேட்கும். சில மாதத்தில் அதுவே ருசியாகிவிடும்.

வாத்தியம் வாங்குவதைப் பற்றி. தொடர்மாடிக்கு என் பதில் டிஜிட்டல் பியானோதான், தயக்கமில்லாமல். ஹெட்போன் போட்டால் இரவு பத்து மணிக்கும் வாசிக்கலாம், சுருதி சேர்க்க ஆள் தேட வேண்டியதில்லை, இரண்டு பேர் தூக்கி லிஃப்டில் ஏற்றலாம். பார்க்க வேண்டியவை மூன்று: 88 கட்டை, மரப் பியானோவில் கம்பியை அடிக்கும் சுத்தியலின் (ஹெமர்) பாரம் போல உணரவைக்கும் கட்டை, அமுக்கும் வேகத்துக்கு ஏற்பச் சத்தம் கூடிக் குறைவது. யமாஹாவின் பி வரிசை, ரோலண்டின் எஃப்பி வரிசை, காசியோவின் சிடிபி, பிஎக்ஸ் வரிசைகள், கவாயின் இஎஸ் வரிசை எல்லாவற்றிலும் இது உண்டு. நூற்றுக்கணக்கான தாளமும் வாத்தியச் சத்தமும் நிறைந்த 61 கட்டைக் கீபோர்ட், நம் ஊரில் ஓர்கன் என்று சொல்வது, அதே காசுக்குக் கவர்ச்சியாகத் தெரியும். அதில் கட்டை குறைவது பெரிய விடயமில்லை, முதல் வருடப் பாடங்களுக்கு ஐந்து ஸ்தாயி போதும். குறை கட்டையின் அடியில் இருக்கிறது. ஸ்பிரிங்கில் இயங்கும் பாரமில்லாத கட்டையில் பழகிய விரல் உண்மையான பியானோவில் உட்கார்ந்ததும் பாதிச் சுரம் சத்தமே எழாமல் போகும், மற்றப் பாதி கத்தும். வீட்டில் ஏற்கெனவே ஓர்கன் இருந்தால் அதில் ஆறு மாதம் தொடங்குங்கள், மனம் நிலைத்த பிறகு மாற்றலாம். புதிதாக வாங்குவதற்கு அது வேண்டாம்.

கூட வாங்க வேண்டியவற்றில் காசைச் சுருக்க வேண்டாம். எக்ஸ் வடிவ ஸ்டாண்ட் பலமாக வாசித்தால் ஆடும், முழங்காலுக்கும் இடம் விடாது. நாலு காலும் நிலத்தில் நிற்கும் மேசை வகை நல்லது. நிலத்திலிருந்து வெள்ளைக் கட்டையின் மேற்பகுதி ஏறத்தாழ 72 சென்ரிமீற்றர் இருக்கட்டும். காலால் மிதித்துச் சத்தத்தை நீட்டும் பெடலும் வேண்டும். பெட்டியோடு வரும் சதுரப் பெடல் நிலத்தில் ஓடித் திரியும், பியானோப் பெடல் வடிவிலுள்ளதைத் தனியாக வாங்குங்கள். ஸ்டாண்டின் காலுக்கு அடியில் தடித்த றப்பர் விரிப்பு போட வேண்டும். ஹெட்போன் போட்டாலும் கட்டை அடிபடும் 'டொக் டொக்' தரை வழியாகக் கீழ்வீட்டுக் கூரைக்குப் போகும், உங்களுக்குத்தான் அது கேட்காது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமின்னல் தொடங்கினால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

பழைய மரப் பியானோ மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் ஆசைப்படுமுன் ஒரு டோர்ச் லைட்டோடு போய்ப் பாருங்கள். கொழும்பில் பழைய வீடுகள் இடிபடும்போது விலைக்கு வரும் நின்றநிலைப் பியானோக்களில் நல்லதும் உண்டு, விறகாகப் போக வேண்டியதும் உண்டு. மேல் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். ஹெமர்களுக்கு மேலே கம்பிகளால் கூடு போலக் கட்டிய அமைப்புத் தெரிந்தால் அது சத்தம் அடக்கும் கட்டைகள் மேலே வைக்கப்பட்ட பழைய ஆங்கிலேய வகை, வேண்டாம் என்று வந்துவிடுங்கள். உள்ளே முழு வார்ப்பிரும்புச் சட்டம் இருக்க வேண்டும். 230 அளவிலான கம்பிகள் சேர்ந்து இழுக்கும் இழுவை பதினாறு, பதினெட்டுத் தொன்னுக்குக் குறையாது, மரச்சட்டம் அதைக் காலத்துக்கும் தாங்காது. முறுக்காணிகளில் கறள், ஹெமரின் ஃபெல்ட்டில் அந்துப்பூச்சி தின்ற பள்ளம், கீழ்ப் பலகையைக் கழற்றினால் கறையான் தூள், எலிக்கூடு, எல்லாவற்றையும் பாருங்கள். போனில் இலவசச் சுருதி மானி ஒன்றை இறக்கி, மத்திய சி-க்கு மேலே உள்ள ஏ-யை அடியுங்கள். 440 ஹேர்ட்ஸ் வர வேண்டும். 415க்குக் கிட்ட நின்றால் முழுப் பியானோவும் அரைச் சுரம் இறங்கியிருக்கிறது. அதை ஏற்றும்போது கறள் பிடித்த கம்பிகள் அறும், ஆணி பிடிக்கும் மரம் தளர்ந்திருந்தால் ஏற்றினாலும் இரண்டு கிழமையில் இறங்கிவிடும். பிறகு 88 கட்டையையும் ஒவ்வொன்றாக அமுக்கி விடுங்கள். விட்டதும் உடனே மேலே வராத கட்டை ஈரத்தால் ஊதியது. இரண்டு மூன்று என்றால் திருத்தலாம், இருபது என்றால் அந்தப் பியானோ பல வருடமாக ஈரத்தில் நின்றிருக்கிறது. பாரம் 200 கிலோவுக்குக் குறையாது, ஏற்றி இறக்கும் கூலியையும், வருடத்துக்கு இரண்டு முறை சுருதி சேர்க்கும் செலவையும் விலையோடு கூட்டிக் கணக்குப் போடுங்கள்.

உட்காரும் முறை. பிளாஸ்டிக் கதிரை வேண்டாம். அதன் இருக்கை பின்பக்கம் சரிந்திருக்கும், உயரமும் காணாது. உயரம் மாற்றக்கூடிய வாங்கு நல்லது, இல்லையென்றால் கைபிடி இல்லாத தட்டையான மரக்கதிரையில் மடித்த போர்வை. இருக்கையின் முன்பாதியில் மட்டும் இருங்கள், இரண்டு பாதமும் நிலத்தில். விரலைக் கட்டையில் வைக்கும்போது முழங்கை கட்டையின் மட்டத்துக்கு, அல்லது ஒரு விரற்கடை மேலே. மணிக்கட்டு கட்டையின் விளிம்பில் சாய்ந்து தொங்கினால் முன்னங்கை இழுத்துப் பிடிக்கும். பெரு விரல் படுத்தபடி நகத்தின் ஓரம் படட்டும், மற்ற விரல்கள் பந்தைப் பிடித்தது போல வளையட்டும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். பெரு விரல் 1, சின்ன விரல் 5, இரண்டு கைக்கும் இதே எண். கிட்டாரிலும் வயலினிலும் சுட்டு விரல்தான் 1, அதைத் தொட்டுப் பார்த்தவர்கள் கவனிக்க வேண்டும். மணிக்கட்டிலோ முன்னங்கையிலோ வலி அல்லது விறைப்பு வந்தால் அந்த நாளோடு நிறுத்துங்கள். வலியோடு வாசித்துப் பலம் ஏறாது.

சரி, அந்தச் சுவர். இரண்டே இரண்டு பார் (தாளத்தின் ஒரு சுற்று) உள்ள ஒரு சிறு பாடத்தை வைத்துப் பார்ப்போம், ஒவ்வொரு பாரிலும் நாலு அடி. வலக்கைப் பெரு விரலை மத்திய சி-யில் வையுங்கள். முதல் பார்: ஜி, ஈ, சி, ஈ, விரல் 5, 3, 1, 3. இரண்டாம் பார்: டி ஒரு அடி, எஃப் ஒரு அடி, ஈ இரண்டு அடி, விரல் 2, 4, 3. இடக்கை ஒரு ஸ்தாயி கீழே: முதல் பார் முழுக்க சி, ஈ, ஜி மூன்றும் சேர்த்து, விரல் 5, 3, 1. இரண்டாம் பாரின் முதல் இரண்டு அடிக்கு பி, எஃப், ஜி, விரல் 5, 2, 1. கடைசி இரண்டு அடிக்குத் திரும்ப சி, ஈ, ஜி.

முதலில் இடக்கையைத் தனியே கவனியுங்கள். பெரு விரல் ஜி-யை விட்டு அசைவதே இல்லை. சின்ன விரல் ஒரு கட்டை இடப்பக்கம் இறங்குகிறது, நடு விரல் ஈ-யை விட, சுட்டு விரல் எஃப்-ஐ எடுக்கிறது. அசையாத விரல் எது என்று தெரிந்துவிட்டால் கை பாதையைத் தொலைக்காது. இதைக் கட்டையைப் பார்க்காமல் ஐந்து முறை மாற்றி வையுங்கள். பிறகு வலக்கை மட்டும் ஐந்து முறை, விரல் எண் ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே. இன்று 3, நாளை 2 என்று மாறினால் கை எதையும் மனப்பாடம் செய்யாது.

மூன்றாவது, பியானோவை விட்டுத் தொடையில் தட்டுங்கள். வாயால் 'தக திமி, தக திமி' சொல்லுங்கள், ஒரு எழுத்து ஒரு அடி. வலக்கை முதல் பாரில் நாலு எழுத்துக்கும், இரண்டாம் பாரில் 'த', 'க', 'தி' மூன்றுக்கும் தட்டும். இடக்கை முதல் பாரில் 'த'வுக்கு மட்டும், இரண்டாம் பாரில் 'த'வுக்கும் 'தி'க்கும். சொற்கட்டுப் பழகிய வாய்க்கு இது ஒரு வரப்பிரசாதம், சீராக அடி தட்டும் கருவியான மெட்ரோனோம் செய்யும் பாதி வேலையை அது செய்துவிடும். ஆனால் கையால் தாளம் போட்டே எண்ணிப் பழகியவர்கள் இங்கே தடுமாறுவார்கள், இரண்டு கையும் வேலையில் இருக்கும். வாய்தான் எண்ண வேண்டும்.

நாலாவதாகக் கட்டைக்குத் திரும்பி, மெட்ரோனோமில் நிமிடத்துக்கு 50 அடி வைத்து இரண்டு கையும் சேருங்கள். எங்கே உடையும் என்று முன்கூட்டியே சொல்லலாம். இரண்டாம் பாரின் மூன்றாம் அடியில் இரண்டு கையும் ஒரே நேரத்தில் மாற வேண்டும்: வலக்கை 4இலிருந்து 3க்கு, இடக்கை பி, எஃப், ஜி-யிலிருந்து சி, ஈ, ஜி-க்கு. உடைந்ததும் தொடக்கத்துக்கு ஓடிப்போவதுதான் பெரியவர்கள் எல்லோரும் செய்யும் பிழை. அப்படிச் செய்தால் நன்றாக வரும் முதல் பாரை முப்பது முறையும், வராத இடத்தை முப்பது முறை பிழையாகவும் பழகியிருப்பீர்கள். அந்த இரண்டு அடியை மட்டும், எஃப்-இலிருந்து ஈ-க்கு மாறும் அந்த ஒரு கணத்தை மட்டும், பத்து முறை. பிறகு அதற்கு ஒரு அடி முன்னாலிருந்து. பிறகு பாரின் தொடக்கத்திலிருந்து. மூன்று முறை தொடர்ந்து சரியாக வந்தால் வேகத்தை 4 கூட்டுங்கள், இரண்டு முறை தொடர்ந்து பிழைத்தால் 10 குறையுங்கள். இதே நாலு படியைத்தான் மூன்றாம் வருடத்துப் பாடத்துக்கும் செய்வீர்கள், பார்களின் எண்ணிக்கை மட்டும் கூடும்.

ஸ்கேல், அதாவது சுரங்களை வரிசையாக ஏறி இறங்கும் பயிற்சி, தொடங்கும்போது இரண்டு கையும் ஒரே திசையில் ஓட வேண்டாம். சி மேஜர் ஏறுகையில் வலக்கை 1 2 3 1 2 3 4 5, இடக்கை 5 4 3 2 1 3 2 1, பெரு விரல் இரண்டு கையிலும் வேறு வேறு இடத்தில் கடக்கும். அதற்குப் பதிலாக இரண்டு பெரு விரலையும் மத்திய சி-யில் வைத்து, வலக்கை வலப்பக்கமும் இடக்கை இடப்பக்கமும் விலகிப் போகட்டும். இரண்டு கைக்கும் அப்போது ஒரே எண்கள்தான். இரண்டு கிழமை இதைச் செய்துவிட்டு ஒரே திசைக்கு வாருங்கள். பெடலைத் தொடுவது நாலாம் மாதத்தில் போதும். குதிக்கால் நிலத்தில் இருக்க, புதிய கூட்டுச் சுரத்தை அமுக்கும் கணத்தில் பாதத்தைத் தூக்கி, அது ஒலித்த பிறகு திரும்ப மிதிக்க வேண்டும். சுரத்தோடு சேர்த்து மிதித்தால் பழைய சத்தமும் புதிய சத்தமும் கலங்கிக் குழம்பாகும்.

ஐந்து கோடுகளில் எழுதிய நோட்ஸை வாசிக்க ஒவ்வொரு சுரத்துக்கும் மேலே எழுத்து எழுதி வைக்காதீர்கள். கண் எழுத்தைத்தான் வாசிக்கும், ஒரு வருடம் கழித்தும் புள்ளி விளங்காது. மூன்று அடையாளங்களைப் பிடியுங்கள்: மேல் வரிசைக் குறியின் சுழி சுற்றும், கீழிருந்து இரண்டாம் கோடு ஜி, கீழ் வரிசைக் குறியின் இரு புள்ளிகளுக்கு நடுவே ஓடும், கீழிருந்து நாலாம் கோடு எஃப், இரண்டு வரிசைக்கும் இடையில் தனிக் கோட்டில் மத்திய சி. மற்றதெல்லாம் இவற்றிலிருந்து படி எண்ணிப் போகலாம். தினமும் மூன்று நிமிடம், முன்பு பார்க்காத மிக இலகுவான ஒரு வரியை நிற்காமல் வாசியுங்கள், பிழைத்தாலும் திரும்பிப் போகாமல்.

அரை மணித்தியாலத்தை இப்படிப் பிரிக்கலாம்: ஸ்கேலுக்கு ஐந்து நிமிடம், புதிய பாடத்தின் உடைந்த இடத்துக்குப் பதினைந்து, புதுவரி வாசிப்புக்கு மூன்று, மீதி நன்றாக வரும் பழைய பாடம் ஒன்று. அந்தக் கடைசிப் பகுதியைத் தியாகம் செய்யாதீர்கள், களைத்து வந்த நாளில் அதுதான் உங்களைத் திரும்ப உட்கார வைக்கும். கிழமைக்கு ஐந்து நாள் இப்படிப் போனால் ஒரு வருடத்தில் முதல் கிரேட் (இசைப் பரீட்சையின் முதல் படி) பாடங்கள் கைக்கு வரும், மூன்றாம் கிரேடுக்கு இன்னும் ஒன்றரை, இரண்டு வருடம். ஆசிரியரை முதல் ஆறு மாதமாவது வைத்துக்கொள்ளுங்கள். கையின் இறுக்கத்தை வீடியோ பார்த்துத் திருத்த முடியாது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கம் வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுப்பவர்கள் பலர், அவர்களிடம் வருவது பெரும்பாலும் பிள்ளைகள். பெரியவர்களுக்குப் படிப்பித்திருக்கிறாரா, வேலையால் பிந்தும் கிழமை வகுப்பை மாற்றித் தருவாரா, பரீட்சைக்குப் போகாமலும் படிப்பிப்பாரா என்ற மூன்றையும் முதலிலேயே கேளுங்கள்.

பரீட்சை வேண்டுமென்றால் லண்டனின் ஏபிஆர்எஸ்எம், டிரினிட்டி என்ற இரண்டு இசைப் பரீட்சை அமைப்புகளின் பரீட்சைகளும் இலங்கையில் நடக்கின்றன, வயதெல்லை கிடையாது. ஏபிஆர்எஸ்எம்மில் 150க்கு 100 எடுத்தால் சித்தி. நேர்முகப் பரீட்சையில் மூன்று பாடத்தோடு ஸ்கேல், பார்த்தவுடன் வாசித்தல், காதுப் பரீட்சை எல்லாம் உண்டு. 2020 முதல் நாலு பாடங்களை வீடியோவாக எடுத்து அனுப்பும் வழியும் இருக்கிறது, பரீட்சகர் முன்னால் கை நடுங்குகிற பெரியவர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் முதல் வருடத்திலேயே பரீட்சைக்குக் கட்டுவதை நான் விரும்பமாட்டேன். மூன்று பாடத்தை எட்டு மாதம் அரைத்து, அதற்கு வெளியே எதையும் வாசிக்கத் தெரியாமல் நிற்பது அப்படித்தான் வருகிறது. முதல் வருடம் இருபது சிறு பாடங்கள் வாசியுங்கள், பரீட்சையை இரண்டாம் வருடத்தில் யோசிக்கலாம்.

வாங்குவதற்கு முன், கட்டை உண்மையில் எப்படி ஒலிக்க வேண்டும் என்று காதுக்கு ஒரு அளவுகோல் கொடுங்கள். கொழும்பு 7, கில்ஃபோர்ட் கிரசென்டிலுள்ள லயனல் வென்ட் அரங்கில் பியானோக் கச்சேரிகள் நடக்கும். அந்த அரங்குக்குப் பெயர் கொடுத்த லயனல் வென்ட் (1900–1944) புகைப்படக்காரராக அறியப்பட்டாலும், கொழும்பின் தேர்ந்த பியானோக் கலைஞராகவும் இருந்தவர். விரல் தெரிகிற மாதிரி இடப்பக்கமாக இருக்கை எடுங்கள். வாசிப்பவரின் மணிக்கட்டு எவ்வளவு தளர்வாக இருக்கிறது, பெடல் மிதிக்கும் பாதம் எப்போது எழுகிறது என்று பாருங்கள். அதற்கு அடுத்த நாள் கடைக்குப் போய், மாதிரி மெட்டு எதையும் ஓட விடாமல், ஒரே கட்டையை மெதுவாகவும் பலமாகவும் பத்து முறை அமுக்கிப் பார்த்து, பத்துச் சத்தமும் பத்து விதமாகக் கேட்கும் வாத்தியத்தை எடுங்கள்.